சேர்ந்தவர்கள் ஏன் நிலைக்கவில்லை: சாண்டா குரூஸ் களப் பாடங்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

உயிரியல் இளநிலைப் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்களுள் யார் இறுதிவரை அத்துறையிலேயே நீடிக்கிறார்கள், யார் இடையில் விலகிப்போகிறார்கள் என்ற கேள்வி, தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் ஆசிரியர் அறையில் எழுந்து, அடுத்த பருவம் தொடங்கியதும் அடங்கிவிடுகிறது. விலகியவர்களைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்களும் பெரும்பாலும் ஒன்றே: அவர்களுக்கு இத்துறையில் ஆர்வம் இல்லை, அல்லது அடித்தளம் போதவில்லை. இந்த இரு காரணங்களும் எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சோதித்துப் பார்க்க உதவும் ஒரு நிகழ்வை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் நடத்தப்பட்ட களப் பாடங்களையும் (வகுப்பறைக்கு வெளியே, இயற்கையிடங்களில் நேரில் பார்த்துக் கற்கும் பாடங்கள்), அவற்றில் பங்கேற்ற இளநிலை மாணவர்களையும் பற்றி ரொக்ஸான் பெல்ட்ரான், எரிகா சவலேட்டா உள்ளிட்ட குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வே அது. களப் பாடத்தை ஒரு சிறப்புச் சலுகையாகக் கருதாமல், மாணவரைத் துறையில் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடாகக் கருத வேண்டும் என்று நான் நெடுநாளாக எண்ணி வந்ததற்கு, இந்த ஆய்வு உறுதியான பிடிமானம் தருகிறது. அதேவேளையில் நான் கவனிக்கத் தவறிய ஒன்றையும் அது சுட்டிக்காட்டுகிறது.

இடமும் பின்னணியும்

சாண்டா குரூஸ் வளாகம் 1965-இல் மாணவர்களுக்குத் திறக்கப்பட்டது. மான்டெரே வளைகுடாவின் வடகரையில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே அமைந்திருப்பதால் களப் பாடத்துக்கு அதைவிட வாய்ப்பான இடம் அமைவது அரிது. அதே 1965-இல்தான் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் என்றே இயற்கை நிலங்களை ஒதுக்கிப் பேணும் காப்பிட அமைப்பையும் தொடங்கியது. அதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் முதன்மையானவர் கடல் பாலூட்டி ஆய்வாளர் கென்னத் நாரிஸ். பின்னர் அவர் சாண்டா குரூஸுக்கு வந்து, ஒரு பருவம் முழுவதும் மாணவர்களுடன் வெளியே தங்கி, நடந்து, பார்த்து, குறிப்பெழுதிக் கற்கும் இயற்கை வரலாற்றுப் பாடத்தை நடத்தினார்.

இன்று இவ்வளாகத்தின் பொறுப்பில் ஐந்து இயற்கைக் காப்பிடங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான அன்யோ நுவேவோவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் யானைச் சீல்கள் கரையேறிக் குட்டி ஈனுகின்றன. 1960-களின் இறுதியிலிருந்து அவை அங்கே தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன. ஃபோர்ட் ஆர்ட் காப்பிடம் முன்னாள் இராணுவத் தளத்தின் ஒரு பகுதி. இவற்றைவிட என் கவனத்தைக் கவர்வது வளாகத்துக்குள்ளேயே இருக்கும் காட்டாய்வுப் பரப்பு. முதலில் 6 ஹெக்டேரில் தொடங்கிப் பின்னர் 16 ஹெக்டேராக விரிந்த அந்தப் பரப்பில், 1 சென்டிமீட்டர் விட்டமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு மரத்தண்டும் அளக்கப்பட்டு, எண் தகடு கட்டப்பட்டு, வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளது. இந்த வேலையில் இளநிலை மாணவர்களின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வகுப்பு முடிந்து நடந்து போகக்கூடிய தொலைவில் இருக்கும் காடு, நான்கு இரவுகள் தங்க வேண்டிய தொலைதூர முகாம் தரும் பயனில் பெரும்பகுதியைத் தந்துவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எண்கள் காட்டுவது

ஆய்வுக் குழுவினர் 2008 முதல் 2019 வரை அப்பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்ட இளநிலை மாணவர்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டனர். களப் பாடம் படித்தவர்கள் 941 பேர். படிக்காதவர்கள் 28,215 பேர். அதாவது நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்றே கூடுதலானவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு கிட்டியிருக்கிறது. இனம், குடும்பத்தின் பொருளாதார நிலை, குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவரா என்பது, பாலினம் ஆகிய நான்கின் அடிப்படையிலும் ஒப்பீடு செய்யப்பட்டது. இதற்குத் தனியாக, 570 மாணவர்களிடம் பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கேள்வித்தாள் கொடுத்து, அறிவியல் பணிகளைத் தம்மால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, அதாவது தன்திறன் நம்பிக்கை, எவ்வளவு வளர்ந்தது என்றும் அளந்தார்கள்.

முதல் முடிவே நம் வழக்கமான விளக்கத்தை அசைத்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் நுழையும்போது, சூழலியலையும் பரிணாம உயிரியலையும் முதன்மைப் பாடமாக எடுக்க விரும்பியவர்களின் விகிதத்தில் எந்தப் பிரிவினருக்கிடையிலும் வேறுபாடு இல்லை. ஆர்வம் எல்லோரிடமும் ஒரே அளவில் இருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதோ, அறிவியலில் போதிய இடம் பெறாத பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்கள் அத்துறையில் பட்டம் பெறுவது குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைந்திருந்தது. சிலர் படிப்பையே முடிக்காமல் வெளியேறியிருந்தார்கள். சிலர் வேறு துறைக்கு மாறியிருந்தார்கள். ஆக, இழப்பு நேர்வது வாசலில் அல்ல, உள்ளே வந்த பிறகு. அந்த இழப்புக்கு மாணவரைக் கேட்பதற்கு முன் நம் பாடத்திட்டத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது முடிவு களப் பாடத்தைப் பற்றியது. அதைப் படித்தவர்களிடம் பட்டம் முடிக்கும் விகிதமும், அதே துறையில் நிலைக்கும் விகிதமும், பட்டம் பெறும்போதுள்ள மதிப்பெண் சராசரியும் கூடுதலாக இருந்தன. தன்திறன் நம்பிக்கை, களப் பாடத்தில் எல்லாப் பிரிவு மாணவர்களிடமும் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. விரிவுரைப் பாடத்தில் அப்படிப்பட்ட உயர்வு காணப்படவில்லை. மூன்றாவது முடிவைப் படித்தபோதுதான் நான் தாளை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். களப் பாடங்களில் சேர்வது, அறிவியலில் போதிய இடம் பெறாத அந்தப் பிரிவு மாணவர்களிடையேதான் குறைவாக இருந்தது. யாருக்கு இந்தத் துணை அதிகம் தேவையோ அவர்களையே அது எட்டாமல் போயிருக்கிறது.

ஒரு சதுரச் சட்டத்துக்குள்

விரிவுரையில் வளராத நம்பிக்கை களத்தில் ஏன் வளர்கிறது என்பதை மேற்கண்ட எண்கள் விளக்குவதில்லை. அதற்கு, களத்தில் ஒரு காலைப்பொழுது எப்படிக் கழிகிறது என்று அருகிருந்து பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் உடன்சென்று நடத்திய ஒரு களப் பாடத்திலிருந்து ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

கடல் வற்றியிருந்த நேரம். பாறைமீது அரை மீட்டர்ச் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் கடல் நத்தைகளை எண்ண வேண்டும். இருவர் இருவராகப் பிரிந்து, ஒரே சட்டத்தைத் தனித்தனியே எண்ணி ஒப்பிடச் சொல்லியிருந்தேன். ஓர் இணையில் ஒருவருக்கு 31 வந்தது, மற்றவருக்கு 38. இரண்டாவது முறை எண்ணியும் வேறுபாடு குறையவில்லை. “யாருடையது சரி, சார்?” என்று என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்றேன், அது உண்மையும்கூட. சரியான விடை ஆசிரியரிடம் இல்லாத ஒரு கேள்வியை அவர்கள் தங்கள் கல்லூரி வாழ்க்கையில் முதன்முதலாக எதிர்கொண்ட தருணம் அதுவாக இருக்கலாம்.

சற்று நேரம் இருவரும் சட்டத்தின் இருபுறமும் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு காரணம் புலப்பட்டது. சட்டத்தின் விளிம்புக் கம்பி சில நத்தைகளின்மேல் படிந்திருந்தது. ஒருவர் அவற்றைச் சேர்த்திருந்தார், மற்றவர் விட்டிருந்தார். இதற்கு ஒரு வழக்கம் உண்டு: மேல்விளிம்பிலும் இடவிளிம்பிலும் படுபவற்றைச் சேர்த்துக்கொண்டு, கீழ்விளிம்பிலும் வலவிளிம்பிலும் படுபவற்றை விட்டுவிடுவது. பாடநூலில் ஒற்றை வரியாக இருக்கும் இந்த விதியை நான் சொல்வதற்கு முன்பே, ஏறக்குறைய அதே விதியை அவர்கள் தாமாகவே வகுத்துவிட்டார்கள். ஆனாலும் எண்கள் பொருந்தவில்லை. அந்த இணையில் இருந்த மாணவி வகுப்பறையில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவர் பாறை வெடிப்புக்குள் விரலை நுழைத்து, “உள்ளேயும் இருக்கு” என்று மெதுவாகச் சொன்னார். வெடிப்புக்குள் இருந்தவற்றை அவர் மட்டுமே எண்ணியிருந்தார். மற்ற இணைகள் எல்லாம் பாறையின் மேற்பரப்பை மட்டுமே எண்ணிவிட்டு அடுத்த இடத்துக்குப் போயிருந்தன.

அன்று நண்பகலுக்கு முன் எண்ணும் முறையையே மாற்றினோம். வெடிப்புகளைத் தனியாகவும் மேற்பரப்பைத் தனியாகவும் எண்ணி, இரண்டையும் குறிப்பேட்டில் தனித்தனிப் பத்திகளில் எழுதுவது என்று முடிவாயிற்று. அந்த முறையை மற்ற இணைகளுக்கு விளக்கியவர் அந்த மாணவிதான். குரல் நடுங்கியது, விளக்கம் தெளிவாக இருந்தது. அடுத்த நாள் வேறொரு குழுவில் யாரோ, “அவங்ககிட்ட கேளு, அவங்களுக்குத் தெரியும்” என்று சொன்னதைக் கேட்டேன்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் தன்திறன் நம்பிக்கை குறித்து எழுதியபோது, அது நான்கு வழிகளில் உருவாகிறது என்றார். ஒருவர் ஒரு செயலைத் தாமே செய்து வெல்வது அவற்றுள் வலிமை மிக்கது. தம்மைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைக் காண்பது, மதிப்புக்குரியவர் ஊக்கிச் சொல்வது, உடலின் பதற்றமும் களைப்பும் தணிவது ஆகியவை மற்ற மூன்று. பாறைமீது கழிந்த அந்தக் காலையில் இந்த நான்கும் அரை நாளுக்குள் நிகழ்ந்தன. விரிவுரை அறையில் மூன்றாவதுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. அதுவும் நூறு பேருக்குப் பொதுவாகச் சொல்லப்படுவதால் யாருடைய நெஞ்சிலும் ஒட்டுவதில்லை. “உங்களால் முடியும்” என்று நாம் ஆயிரம் முறை சொல்வதைவிட, வெடிப்புக்குள் இருந்த நத்தைகள் அந்த மாணவியிடம் அதிகம் சொல்லின.

பாடப் பொருளைப் புரிந்துகொள்வதிலும் இதே வேறுபாடு தெரிகிறது. உயிரினத் தொகையை மதிப்பிட, பிடித்து அடையாளமிட்டு விட்டு மறுபடி பிடிக்கும் முறையை எல்லா மாணவரும் வகுப்பில் படிக்கிறார்கள். 40 உயிரிகளுக்கு அடையாளமிட்டு விடுகிறோம், பின்னர் 50 உயிரிகளைப் பிடித்தால் அவற்றுள் 10 அடையாளம் உள்ளவை, ஆகவே மொத்தத் தொகை 40 × 50 ÷ 10 = 200 என்று கணக்கிடுகிறோம். அடையாளம் அழியக்கூடாது, இடையில் எதுவும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது என்ற நிபந்தனைகளைத் தேர்வுத்தாளில் மாணவர்கள் பிழையின்றி எழுதிவிடுவார்கள். களத்தில், தாம் முந்தின நாள் நத்தை ஓட்டில் வைத்த வண்ணப்புள்ளி பாதி கரைந்திருப்பதைக் காணும்போதுதான் அந்த நிபந்தனைக்கு உயிர் வருகிறது. அடையாளம் அழிந்தால் மறுபிடிப்பில் அடையாளமுள்ளவை குறையும், வகுக்கும் எண் சிறிதாகும், மதிப்பீடு உண்மையைவிடப் பெரிதாகிவிடும் என்பதை அவர்கள் அங்கேயே, ஈரக் கையோடு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

வாசலுக்கு முன்னால் நிற்பவர்கள்

தேவை மிகுந்தவர்கள் சேர்வது குறைவாக இருந்ததற்குக் காரணம் என்ன? சாண்டா குரூஸ் ஆய்வின் எண்கள் அந்த இடைவெளியைக் காட்டுகின்றன. காரணங்களை, களப் பாடம் நடத்துகிற எவரும் தம் அனுபவத்திலிருந்தே அடுக்கிவிட முடியும். கட்டணம் ஒன்று. பகுதிநேர வேலை பார்த்துப் படிப்பவருக்கு ஒரு வாரம் வெளியே தங்குவது ஒரு வார ஊதியத்தை இழப்பதாகும். கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலும் அந்த இழப்பு அப்படியே நிற்கும். வீட்டில் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ளும் பொறுப்புள்ளவருக்கு இரவுத் தங்கல் இயலாதது. காட்டிலும் கடற்கரையிலும் ஒரு வாரம் ‘சுற்றுவது’ எப்படிப் படிப்பாகும் என்று கேட்கும் பெற்றோருக்கு விளக்கம் சொல்ல, கல்லூரிப் படிப்பையே குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கும் மாணவருக்கு யாரும் துணையில்லை. நடக்கவோ, நீண்ட நேரம் நிற்கவோ இயலாதவர் அறிவிப்பைப் படித்ததுமே தமக்கானது அல்ல என்று விலகிக்கொள்கிறார். வெட்டவெளியில் தம் தோற்றத்தைக் கொண்டு பிறர் தம்மை ஐயத்துடன் பார்க்கக்கூடும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அது காரணமற்ற அச்சமும் அல்ல.

இவை அனைத்தும் தெரிந்திருந்தும் நான் ஒன்றைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். ஒரு களப் பயணத்தின் முதல் நாள் முழுவதும் ஒரு மாணவர் தண்ணீர் தேங்கிய பள்ளங்களின் பக்கமே வராமல், காய்ந்த பாறைமீது நின்று பிறர் சொல்லும் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். ஆர்வம் குறைவு என்று என் மதிப்பீட்டுத் தாளில் எழுதினேன். மாலையில் உடன் வந்த ஆய்வு மாணவர் ஒருவர்தான் சொன்னார்: அந்த மாணவரிடம் இருப்பது ஒரே ஒரு ஜோடி காலணி, அதை நனைத்துவிட்டால் மீதி நாட்களுக்கு வேறு இல்லை. நாங்கள் அனுப்பிய பொருட்பட்டியலில் ‘நீர்புகாக் காலணி’ என்று ஒரு வரி இருந்தது. அதை எங்கே வாங்குவது, என்ன விலை, இல்லாதவர் என்ன செய்வது என்று எதுவும் அதில் இல்லை. அவர் அந்த வரியைப் படித்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல், இருப்பதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அன்றிரவு நான் எழுதிய வரியை அடித்தேன். பொருட்பட்டியலில் உள்ள எதையும் மாணவர் சொந்தமாக வாங்கி வர வேண்டியதில்லை, எல்லாம் துறைக் கிடங்கிலிருந்து கேட்காமலேயே அளவு பார்த்துத் தரப்படும் என்ற ஏற்பாட்டை அடுத்த ஆண்டு செய்தோம். ‘தேவைப்படுவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்’ என்பது உதவி ஆகாது. கேட்பதற்குத்தான் அவர்களால் முடிவதில்லை.

விண்ணப்பப் படிவமும் இப்படியே. எங்கள் களப் பாடங்களின் முந்தைய படிவத்தில், ‘இதற்கு முன் பெற்ற கள அனுபவத்தை விவரிக்கவும்’ என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது. சிறுவயதிலிருந்து மலையேற்றத்துக்கும் முகாமுக்கும் போய் வந்தவர் அதற்கு ஒரு பக்கம் எழுதுவார். அப்படிப் போகாதவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவார், அல்லது படிவத்தையே விட்டுவிடுவார். அனுபவம் தருவதற்காக நடத்தும் பாடத்துக்கு அனுபவம் உள்ளவரையே தேர்ந்தெடுக்கும் இந்த முறையைப் போல் தீங்கானது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. மதிப்பெண் அடிப்படையில் வடிகட்டுவதும் இதற்கு அடுத்த தீங்கு.

எந்த ஆண்டில் களப் பாடத்தைத் தருகிறோம் என்பதும் இங்கே முக்கியம். பெரும்பாலான பாடத்திட்டங்களில் அது இறுதியாண்டில், விருப்பப் பாடமாக, அதுவரை தாக்குப்பிடித்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசுபோல் வைக்கப்பட்டிருக்கிறது. விலகுபவர்கள் அதற்கு முன்பே விலகிவிடுகிறார்கள். சாண்டா குரூஸ் குழுவைச் சேர்ந்தவர்களே 2021-இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில், தொடக்க நிலையிலேயே, எல்லோரையும் உள்ளடக்கும் வகையில் நடத்தப்படும் களப் பாடம் மாணவர்களைத் துறையில் நிலைக்கச் செய்வது குறித்துப் பேசுகிறார்கள். முதலாண்டு மாணவருக்குப் புள்ளியியல் தெரியாது, இனங்களை அடையாளம் காணத் தெரியாது என்ற மறுப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எண்ணத் தெரிந்தால் போதும். மற்றவற்றை அந்த எண்ணிக்கையே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஐயங்களும் பாதுகாப்பும்

இந்த ஆய்வை அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. களப் பாடத்தில் சேர்ந்தவர்கள் தாமாகத் தேர்ந்து வந்தவர்கள். அவர்களிடம் முன்பே கூடுதல் ஊக்கமோ, குடும்ப ஆதரவோ, ஓய்வு நேரமோ இருந்திருக்கலாம். பட்டம் முடிக்கும் விகிதம் உயர்ந்திருப்பதில் ஒரு பங்கு அவற்றுக்கும் உரியதாக இருக்கலாம். ஆய்வாளர்களும் ‘தொடர்பு’ என்றே சொல்கிறார்கள், ‘காரணம்’ என்று அறுதியிடவில்லை. ஆயினும் ஒரே மாணவரிடம் பாடத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீட்டில் களப் பாடத்தில் உயர்வும் விரிவுரைப் பாடத்தில் உயர்வின்மையும் தெரிவதால், எல்லாவற்றையும் தேர்ந்து வந்தவர்களின் இயல்பு என்று தள்ளிவிட முடியாது. எனக்கு அந்த முன்-பின் அளவீடே பெரிய எண்களைவிட நம்பத்தகுந்ததாகத் தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு. இது ஒரு வளாகத்தின் கதை. வாசலிலேயே காடும், ஐந்து காப்பிடங்களும், பயிற்றுநர்களும் இருக்கும் இடத்தில் கிடைத்த பயன், ஒரு புல்வெளியும் ஒரு குளமும் மட்டுமே உள்ள கல்லூரியில் அதே அளவில் கிடைக்கும் என்று வாதிட மாட்டேன். ஆனால் சட்டத்தை வைத்து எண்ணுவதற்குப் புல்வெளியே போதும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் களப் பாடத்தைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல். 2014-இல் கேத்ரின் கிளான்சியும் உடன் ஆய்வாளர்களும், பல துறைகளில் களப்பணி செய்த 666 பேரிடம் திரட்டிய தகவலை வெளியிட்டார்கள். அவர்களுள் 64 சதவீதத்தினர் களத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறினர். ஐவரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் பாலியல் தாக்குதலுக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். பாதிக்கப்பட்டவர்களுள் மிகுதியானோர் மாணவர்களும் பயிற்சி நிலையில் இருந்தவர்களும்தான். நடத்தை விதிகள் இருந்ததாகவோ, யாரிடம் முறையிட வேண்டும் என்று அறிந்திருந்ததாகவோ கூறியவர்கள் குறைவு. விரும்பி நிரப்பிய கேள்வித்தாள் என்பதால் இந்த விகிதத்தை எல்லாக் களப் பணிக்கும் பொதுவாக்க முடியாது. இருந்தும், நகரத்திலிருந்து விலகி, கைபேசித் தொடர்பு குன்றிய இடத்தில், மதிப்பெண் போடுபவரின் வண்டியில் ஏறித்தான் திரும்பிவர வேண்டிய நிலையில் இருக்கும் மாணவரின் இக்கட்டை இந்த எண்கள் நமக்கு உணர்த்தியாக வேண்டும்.

ஆகவே, புறப்படுவதற்கு முன்பே நடத்தை விதிகளை எழுத்தில் தந்து, வாய்விட்டுப் படித்து, கேள்வி கேட்க நேரம் ஒதுக்க வேண்டும். முறையீட்டைப் பெறுபவர் களத்துக்கு வராத ஒருவராகவும், மாணவர் நேரடியாக அழைக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். தங்குமிடத்தில் தனியறை, கழிப்பிடம் எங்கே எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் என்ற தகவல், மாதவிடாய்ப் பொருட்கள் ஆகியவற்றைப் பற்றி மாணவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே முதலில் பேசிவிட வேண்டும். கழிப்பிடம் எப்போது வரும் என்று தெரியாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்த மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். பண்டூரா சொன்ன நான்காவது வழியை நாம் அடைத்துவைத்துவிட்டு, முதல் மூன்றும் வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

2020-இல் களப் பாடங்கள் பெருந்தொற்றால் முடங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்னலால் மூண்ட காட்டுத்தீ காரணமாகச் சாண்டா குரூஸ் வளாகமே காலி செய்யப்பட்டது. அந்தக் காலத்தில் பல இடங்களிலும் மாணவர்கள் தாம் இருக்கும் தெருவிலும் மாடியிலும் சன்னலோரத்திலும் பறவைகளையும் களைச்செடிகளையும் எண்ணிப் பாடத்தை நிறைவு செய்தார்கள். குழுவாக இருந்து கற்பதன் பயனை அது தரவில்லை என்பது உண்மை. ஆனால் வீட்டுப் பொறுப்பாலும் வேலையாலும் ஒருபோதும் முகாமுக்கு வர முடியாதவர்கள் அப்போதுதான் முதன்முதலாகக் களக் குறிப்பேட்டைத் திறந்தார்கள். அந்த ஏற்பாட்டைத் தொற்று முடிந்ததும் முற்றாகக் கைவிட்டது தவறு என்று கருதுகிறேன். இரவுத் தங்கல் இல்லாத, வகுப்பு நேரத்துக்குள்ளேயே அடங்கும் களப் பாடம் ஒன்றை எல்லா மாணவருக்கும் கட்டாயப் பாடமாக வைத்து, அதற்கு மேல் விரும்புவோருக்கு நீண்ட முகாமை வைப்பதே என் பரிந்துரை. கட்டாயமாக்கினால் விண்ணப்பப் படிவம் தேவையில்லை, வடிகட்டல் இல்லை, ‘இது என்னைப் போன்றவருக்கானதா’ என்ற தயக்கத்துக்கும் இடமில்லை.

அளப்பதைப் பற்றி ஒரு சொல். களப் பாடத்தின் கடைசி நாளில் மாணவர்கள் நிரப்பும் கருத்துத்தாள்கள் எப்போதும் இனிமையாகவே இருக்கும். அவற்றைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. பாடத்தின் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே கேள்விகளைக் கேட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த மாணவர் எங்கே இருக்கிறார் என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். இவற்றோடு நான் இப்போது இன்னொரு ஏட்டையும் வைத்திருக்கிறேன். களப் பாடத்தைப் பற்றி ஒருமுறையாவது வந்து விசாரித்து, படிவத்தையும் வாங்கிப்போய், பிறகு திரும்பி வராதவர்களின் பட்டியல் அது. எந்த ஆய்வின் எண்ணிக்கையிலும் அவர்கள் ‘படிக்காதவர்கள்’ என்ற பெருந்திரளுக்குள் மறைந்துவிடுவார்கள். பருவத்தின் நடுவில் அவர்களை ஒவ்வொருவராக அழைத்து, என்ன தடுத்தது என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்கிறேன். சென்ற முறை கேட்டவர்களுள் ஒருவர், சனிக்கிழமை வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார். இந்தப் பருவத்தின் களப் பயணங்கள் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கின்றன. அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.